ஃபார்முலாவில் வராத கால்வாய்

ஓபன் சேனல் ஃப்ளோ என்றால் நமக்கு மேனிங் ஃபார்முலா. சரிவு, குறுக்குவெட்டு, ரஃப்னஸ் எல்லாம் போட்டால் டிஸ்சார்ஜ் வந்துடும், பத்து மார்க்கும் வந்துடும். அந்தக் கால்வாய் எந்த ஊருக்குப் போகுது, யார் வெட்டினாங்க என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்காது. கேட்கணும் என்பதுதான் என் கருத்து.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் லின் கவுண்டியை எடுத்துக்கோங்க. இப்போது அதன் பெயர் லின்ஜோ. தாய்ஹாங் மலையடிவாரம், சுண்ணாம்புப் பாறை நிலம். பெய்யுற மழை நிக்காது, கிணறு தோண்டினாலும் நிச்சயம் இல்லை. குடிதண்ணீருக்கே மைல் கணக்கில் நடந்த மக்கள். பக்கத்து ஷான்ஸி மாகாணத்தில் ஜாங் ஆறு ஓடுது. நடுவில் மலை.

1960 பிப்ரவரியில், யாங் குய் என்ற கட்சிச் செயலாளர் தலைமையில், மலையைக் குடைய ஆரம்பிச்சாங்க. பிரதானக் கால்வாய் சுமார் 70 கிலோமீட்டர். சரிவு 8000-க்கு 1. கணக்குப் போட்டுப் பாருங்க, மொத்த இறக்கம் ஒன்பது மீட்டர்கூட இல்லை! செங்குத்துப் பாறையில் உளியும் சுத்தியலும் வெடிமருந்தும் வச்சு இந்தத் துல்லியம். 616 மீட்டர் சுரங்கம் ஒன்றை இளைஞர்களே குடைஞ்சாங்க. அதுக்குப் பெயரே 'இளைஞர் சுரங்கம்'. 1965-ல் தண்ணீர் வந்தது, 1969-ல் கிளைக் கால்வாய்களும் முடிஞ்சது. அதுதான் செங்கொடிக் கால்வாய்.

இதோட நிறுத்தினால் நல்ல மோட்டிவேஷன் வீடியோ. ஆனா வேலை ஆரம்பிச்ச 1960, சீனாவில் பெரும் பஞ்ச காலம். அரைவயிறோட வெட்டினாங்க. வேலையில் 81 பேர் இறந்தாங்க. தண்ணீர்ச் சண்டையும் ஓயலை: 1992-ல் ஜாங் ஆற்றுத் தகராறில் கால்வாயின் ஒரு பகுதியையே வெடி வச்சு உடைச்சாங்க. ஒரு ஊருக்குத் திருப்பின தண்ணீர், இன்னொரு ஊருக்குக் குறையுற தண்ணீர்தானே?

"சாதனை" என்று கைதட்டுறதும், "வெறும் பிரச்சாரம்" என்று ஒதுக்குறதும் ரெண்டும் சுலபம். அந்தத் தண்ணீர் நிஜம், அந்த 81 பேரும் நிஜம். ரெண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத் தெரிஞ்சவங்கதான் நல்ல இன்ஜினியர்.

அடுத்த செமினாருக்கு டாபிக் தேடுறவங்க இந்தக் கால்வாயை எடுங்க. முதல் ஸ்லைடில் ஃபார்முலா வேண்டாம், மேப் போடுங்க.