தாத்தாவின் தம்போலா

சினிமாவில் வரும் மிலிட்டரி தாத்தாக்கள் எல்லாரும் ஒரே அச்சு. முறுக்கு மீசை, விடியற்காலை ஓட்டம், பேரப்பிள்ளைகள் நடுங்க ஓர் அதட்டல். எங்கள் தாத்தாவுக்கு மீசையே கிடையாது. எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார். "அத்தனை வருஷம் விசிலுக்கு எழுந்தாச்சு, போதும்ப்பா" என்பார்.

மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் ஆள் சேர்த்துக்கொண்டே இருந்தபோது, வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறிய பையன்களில் ஒருவர். ஓய்வுபெற்று வந்தவர்கள் எல்லாரும் டிரங்குப் பெட்டியும் கேன்டீன் ரம்மும் கொண்டுவந்தார்கள். இவர் கூடவே தம்போலா என்ற எண் ஆட்டத்தையும் கொண்டுவந்தார்.

காணும் பொங்கலன்று மத்தியானம் தெருவே எங்கள் வாசலில் கூடிவிடும். சீட்டு நாலணா. மஞ்சள் பையில் 1 முதல் 90 வரை எண் எழுதிய சோடா மூடிகள். 22-க்குப் பட்டாளத்தில் சொல்லும் 'ரெண்டு வாத்து' மட்டும் அப்படியே. மற்றதெல்லாம் சொந்தச் சரக்கு. 47 வந்தால் "வெள்ளைக்காரன் மூட்டை கட்டிட்டான்!" 80 என்றால் "எங்க படைக்குப் பொறந்தநாளு!" 1780-இல் தொடங்கிய படை அது. 71-க்கு எழுந்தே நின்றுவிடுவார்: "பதிமூணே நாள், ஆட்டம் க்ளோஸ்!" 1971 டிசம்பர் போரில் கிழக்கே பாலம் போடப் போயிருந்தவர். உட்கார்ந்து போர்க்கதை சொன்னதே இல்லை. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் இந்தத் துண்டுகள்தான். 62 மட்டும் வெறும் அறுபத்திரண்டு. அதற்கு அவர் ஒன்றும் கட்டவில்லை. மூடியைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

12 வந்தால் "நம்ம குழாய்!" முள்கம்பி வேலிக்கு அடியில் செருகி வெடித்து வழி திறக்கும் நீளக் குழாய். 1912-இல் பெங்களூரில் சாப்பர்ஸ் அதிகாரி மெக்ளின்டாக் கண்டுபிடித்தது. 1944-இல் நார்மண்டிக் கடற்கரை வரை போனது. இன்றும் பெங்களூர் டார்பிடோ என்றுதான் பெயர். அதை எங்களுக்கு விளக்க, ஒரு தீபாவளிக்கு மூங்கில் குழாயில் லட்சுமி வெடிகளைத் திரியோடு திரி முறுக்கி அடைத்து, பக்கத்து வீட்டு வேலிக்கு அடியில் செருகினார். வேலிக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடிவிட்டது. தாத்தாவும் எருமைக்காரரும் சேர்ந்தே தேடப் போனார்கள். ராத்திரி பாடிக்கொண்டே திரும்பினார்கள். என்ன குடித்தீர்கள் என்று ஆயா கேட்கவில்லை.

தம்போலா முடிந்தால் படாகானா. ராணுவத்தில் அந்த விருந்தன்று சிப்பாய்களுக்கு அதிகாரிகளே பரிமாறுவதுண்டு. "இந்த வீட்ல வருஷம் பூரா டூட்டி பாக்கற சிப்பாய் யாரு?" என்று கேட்டுவிட்டு, ஆயாவையும் அத்தைகளையும் முதல் பந்தியில் உட்காரவைப்பார். மாமாக்கள் கையில் சாம்பார் வாளி. மீசை வைத்த தாத்தாக்கள் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

நவம்பர் பிறந்தால், பென்ஷனுக்காக உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வங்கிக்குப் போவார். நான்தான் கூட்டிப்போவேன். ஒருமுறை கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிராமலே, "பெரியவர் வந்திருக்காரா?" என்றாள்.

"இல்லம்மா, போன மாசமே போய்ச் சேந்துட்டாரு. கையெழுத்துப் போட மட்டும் லீவுல அனுப்பியிருக்காங்க" என்றார் தாத்தா.