மூச்சு வாங்கினால் ஆஸ்துமாதானா?

மாடிப்படி ஏறினால் அத்தைக்கு மூச்சு வாங்கியது. ராத்திரியில் இரண்டு தலையணை போதாமல் மூன்றாவதும் கேட்டார். சின்ன வயதில் வீசிங் இருந்தவர் ஆயிற்றே, ஆஸ்துமா திரும்பி வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்!

டாக்டர் முதலில் ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதும் பரிசோதனைக்கு அனுப்பினார். பயப்பட ஒன்றுமில்லை. மூக்கில் ஒரு கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் 'ஊஃப்' என்று ஊத வேண்டும். சுமார் 6 விநாடி விடாமல் ஊதணும். குறைந்தது 3 தடவை செய்யச் சொல்வார்கள்.

அதில் முக்கியமான எண்கள் இரண்டு. மொத்தம் ஊதிய காற்று எவ்வளவு, முதல் விநாடியிலேயே வெளிவந்தது எவ்வளவு. மொத்தத்தில் 70 சதவீதத்துக்கும் குறைவாக முதல் விநாடியில் வந்தால், பெரும்பாலும் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று பொருள். ஆஸ்துமா அந்த வகை. அத்தைக்கு இந்த விகிதம் சரியாக இருந்தது. மொத்தக் காற்றுதான் குறைவு!

"குழாயிலே அடைப்பில்லை. நுரையீரல் விரிய இடம் போதலை. ஏன்னு இந்தப் பரிசோதனை சொல்லாது" என்ற டாக்டர், அத்தையின் முன்னங்காலைக் கட்டை விரலால் அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் விழுவதுபோல் குழி விழுந்து அப்படியே நின்றது.

"நீர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களாம்மா?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். "கல்யாணத்துக்கு பஸ்ஸிலே போகணும். வழியிலே எங்கேன்னு இறங்கறது? அதான் நிறுத்திட்டேன். அப்புறம் அப்படியே விட்டுப் போச்சு."

எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி நீர். எக்கோவில் இதயத்தின் பலம் குறைவு. மெட்டி இறுகிப் போனதைக்கூட அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, உப்பையும் குறைத்த பிறகு மூச்சு சீரானது.

சகோதரிகளே, நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பயண நாளில் எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று டாக்டரிடமே கூச்சப்படாமல் கேளுங்கள். இதய பலவீனம் உள்ளவர்கள் தினமும் காலையில், பலகாரத்துக்கு முன் எடை பார்க்க வேண்டும். 1 லிட்டர் நீர் தங்கினால் எடை 1 கிலோ கூடும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே தெரிவியுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம்.

கால் வீக்கம் சிறுநீரகம், கல்லீரல் கோளாறாலும் வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுக்க முடியாமல் மூச்சுத் திணறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்று ராத்திரி வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "எத்தனை தலையணை வேணும்?"