விலையைக் கெடுத்தவர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். கையில் வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட ஒரு புத்தகம். பதினெட்டு மாடி, நீச்சல் குளம், மொட்டை மாடியிலே தோட்டம். ஒன்பதாவது மாடியில் அவனுக்கு ஒரு வீடு. இன்னும் கட்டவில்லை. சாப்பிட்டுக் கை அலம்பிவிட்டு வந்து உட்கார்ந்தவன், "அத்தான், நீங்க 2013ல வாங்கினது இப்போ ரெண்டு மடங்கு ஆகியிருக்கும், இல்லே?" என்று கேட்டான்.

"ஆகியிருக்கும்" என்றேன்.

அது பொய். எனக்குத் தெரியும். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த என் மனைவிக்கும் தெரியும். அவளும் வாயைத் திறக்கவில்லை. பையன் சந்தோஷமாகப் புறப்பட்டுப் போனான். பொய் எழுதியே பிழைக்கிறவன் நான். கதைகளில் நான் சொன்ன பொய்களால் இதுவரை யாரும் கடன்பட்டதில்லை. இந்த ஒரு வார்த்தைப் பொய்யை நம்பி ஒருவன் இருபது வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறான்.

வீட்டு விலை வீழ்ந்தால் வாங்குகிறவர்களுக்குப் புத்தி வரும், அடுத்த தடவை நிதானமாக நடந்துகொள்வார்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவருக்கும் புத்தி வருவதில்லை. வந்தவர்கள் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். நஷ்டப்பட்டவனுடைய மௌனம்தான் தரகருக்கு முதல். நான் பூட்டி வைத்ததை இங்கே திறந்து காட்டுவதென்று தீர்மானித்துவிட்டேன்.

சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, 1,200 சதுர அடி. சதுர அடி 4,200 ரூபாய். கார் நிறுத்தும் இடம், மின்சார இணைப்பு, பத்திரச் செலவு எல்லாம் சேர்த்து 55 லட்சம் ஆயிற்று. அந்த 1,200 சதுர அடியில் மாடிப்படியும் லிப்டும் நடைபாதையும் எனக்கு வந்த பங்கும் சேர்த்தி என்பது, கட்டிலைப் போட்டுவிட்டு அலமாரிக்கு இடம் தேடியபோதுதான் உறைத்தது. கையிலிருந்து 15 லட்சம்; அதில் என் மனைவியின் வளையல்களும் அடக்கம். மீதி 40 லட்சம் பாங்குக் கடன், நூற்றுக்குப் பத்து வட்டி, இருபது வருஷம். மாதத் தவணை 38,600 ரூபாய்.

இந்த 38,600 எங்கே போகிறது என்று கடன் வாங்குகிற அன்றைக்கு யாராவது கேட்கிறார்களா? நான் கேட்கவில்லை. முதல் மாதத்தில் 33,333 ரூபாய் வட்டிக்குப் போயிற்று. 5,267 ரூபாய்தான் அசலில் கழிந்தது. வட்டி விகிதம் மாறாமலே இருந்தால், ஐந்து வருஷத்தில் நான் கட்டுகிற பணம் 23 லட்சத்துக்கு மேல். கடனில் குறைவது ஏறக்குறைய 4 லட்சம். இதில் பாங்கின் மோசடி ஒன்றுமில்லை. வட்டிக் கணக்கின் இயல்பே அப்படி. ஆனால் ஐந்தாம் வருஷத்தில் வீட்டை விற்க நேர்கிறவன் இந்த ஒரு வரியை அறிந்திருந்தால் அவன் தலையெழுத்தே வேறாக இருந்திருக்கும்.

இன்னொரு கணக்கு. எங்களுக்கு எதிர் வீடு அச்சாக எங்கள் வீட்டைப் போன்றதே. அதில் வாடகைக்கு வந்தவர் கொடுத்தது மாதம் 14,000 ரூபாய். அதாவது 55 லட்சம் பெறும் என்று நாங்கள் நம்பிய பொருள் வருஷத்துக்குச் சம்பாதித்தது 1,68,000, நூற்றுக்கு மூன்று. பாங்குக்கு நாங்கள் கொடுத்ததோ நூற்றுக்குப் பத்து. மூன்றுக்கும் பத்துக்கும் இடையில் இருக்கிற பள்ளத்தை எது நிரப்பும்? விலை ஏறும் என்கிற நம்பிக்கை ஒன்றுதான். ஏறினால் நான் கெட்டிக்காரன். ஏறாமல் நின்றாலே போதும், பள்ளத்தில் கிடப்பேன். விழக்கூட வேண்டியதில்லை. நான் வாங்கியது வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; பெரும்பகுதி அந்த நம்பிக்கையைத்தான் வாங்கியிருக்கிறேன். எதிர் வீட்டுக்காரர் வெறும் வீட்டை 14,000 ரூபாய்க்கு அனுபவித்தார். கிருகப் பிரவேசத்தன்று "பாவம், வாடகைக்கு இருக்கிறார்" என்று அவருக்காக நான் இரங்கியதும் உண்டு.

உத்தியோகஸ்தர்கள் இங்கே வருமான வரிச் சலுகையை எடுத்து நீட்டுவார்கள். முதல் வருஷ வட்டி ஏறக்குறைய 4 லட்சம். 2014 முதல், குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு வருஷம் 2 லட்சம் வரை கழிவு. முப்பது சதவிகித வரி கட்டுகிறவருக்கு அதனால் மிச்சம் 60,000 ரூபாய் சொச்சம். 60,000 மிச்சம் பிடிப்பதற்காக 4 லட்சம் கொடுக்கிற சிக்கனத்தை என்னவென்று சொல்வது! 2023 முதல் எல்லோருக்கும் பொதுவாக வந்திருக்கிற புதிய வரிமுறையில் அந்தக் கழிவும் கிடையாது.

விலை ஏறவில்லை. 2013க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஏழெட்டு வருஷம் அப்படியே நின்றது. நின்றது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. நம்மூரில் வீட்டு விலை பகிரங்கமாக விழாது, ஒளிந்துகொண்டு விழும். பில்டர் அறிவித்த விலையைக் குறைக்க மாட்டார். குறைத்தால், முன்னே வாங்கியவர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஆகையால் தங்கக் காசு கொடுப்பார். பத்திரச் செலவு எங்களுடையது என்பார். சமையலறை அலமாரி இலவசம் என்பார். ஆடி மாதத்தில் புடவைக்குத் தள்ளுபடி என்றால் விலை இறங்கிவிட்டது என்று நமக்குப் புரிகிறது. வீட்டுக்குத் தங்கக் காசு தந்தால் மட்டும் அதிர்ஷ்டம் என்று தோன்றுகிறது!

பத்திரத்தைப் பார்த்து நிஜ விலையைத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். நம் பத்திரங்களில் எது நிஜம்? அடுக்கு வீடுகளில் நிலத்தின் பிரிபடாத பாகத்துக்கு ஒரு பத்திரம், கட்டடத்துக்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் என்றுதான் அப்போது வழக்கம். தனி வீடு, மனை என்றால் வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு தொகை பத்திரத்திலே ஏறும். மீதி பையிலே போகும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் யாரிடமிருந்து யாருக்கு என்பது தெரியும். நிஜமாக எவ்வளவுக்கு என்பது தெரியாது.

ஆனால் ஒரு தடவை சர்க்காரே வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டது. 2012 ஏப்ரலில் உயர்த்தி வைத்த வழிகாட்டி மதிப்பை 2017 ஜூன் 9ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் 33 சதவிகிதம் குறைத்தார்கள். மதிப்பு நிஜ விலைக்கு மேலே போய்விட்டது, பத்திரம் பதிய ஆள் வரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கையோடு பதிவுக் கட்டணத்தை ஒரு சதவிகிதத்திலிருந்து நான்காக ஏற்றினார்கள் என்பது தனிக் கதை. அன்றைக்கு எங்கள் குடியிருப்பில் யாராவது அதைப் பற்றிப் பேசினார்களா? லிப்டில் எல்லோரும் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

அமெரிக்காவில் 2006இல் உச்சிக்குப் போன வீட்டு விலை 2012 வரைக்கும் இறங்கியது. நாட்டுச் சராசரியே நாலில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. லட்சக்கணக்கானவர்கள் வீட்டை இழந்தார்கள். அந்தக் கொடுமையை நான் உயர்வு சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே விழுந்தது எல்லோருக்கும் தெரியும்படி விழுந்தது. கேஸ், ஷில்லர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்களின் பெயரால் ஒரு விலைக் குறியீடு மாதாமாதம் வெளிவருகிறது. ஒரே வீடு முன்பு எவ்வளவுக்கு விற்றது, மறுபடி எவ்வளவுக்கு விற்றது என்று ஜோடி சேர்த்துப் பார்க்கிற கணக்கு அது. விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 1890 முதல் 1990 வரை நூறு வருஷத்தில் அமெரிக்க வீட்டு விலை ஏறக்குறைய ஏறவே இல்லை என்பது ராபர்ட் ஷில்லர் காட்டிய சங்கதி. அவருக்கு வேறு இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தது 2013இல். அதே வருஷத்தில்தான் நான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

நம் மௌனம் வெறும் விலையோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு ஆத்திரப்பட மாட்டேன். 2015 டிசம்பர் மழை வாசகர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கார் நிறுத்தும் தளத்தில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் மின்சாரம் இல்லை. இரண்டாவது மாடிக் கிழவியைப் படகில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மின்சாரம் வந்ததும் கைப்பேசியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் முதல் செய்தி வந்தது: 'தண்ணீர் நின்ற படங்களை யாரும் வெளியே அனுப்ப வேண்டாம். நம் வீடுகளின் மதிப்பு குறையும்.' கீழே ஐம்பது பேர் கட்டை விரலை உயர்த்தியிருந்தார்கள். அதில் ஒன்று என்னுடையது. படத்தைப் பார்க்காத ஒரு குடும்பம் அடுத்த மழைக்கு முன்னால் தரைத் தளத்தில் வீடு வாங்கிக் குழந்தைகளோடு வந்து இறங்கட்டும் என்பதுதானே அதற்கு அர்த்தம்? அப்படியே வந்து இறங்கினார்கள்.

2018இல் எங்கள் மாடியில் ஒருவர் வீட்டை விற்றார். கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். நாற்பத்தைந்து வயதில் வேலை போயிற்று. எட்டு மாதம் தவணையைச் சமாளித்துப் பார்த்தார். பிறகு வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். 44 லட்சம். என்னைப் போலவே 40 லட்சம் கடன் வாங்கியவர். பாங்குப் பாக்கி சுமார் 36 லட்சம் போக, கையில் நின்றது 8 லட்சம். ஐந்து வருஷத்தில் போட்டது முதலில் 15, தவணையில் 23. வாடகைக்கு இருந்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைக் கழித்துவிட்டால்கூட அந்த மனிதருக்கு நேர்ந்தது சாமானியமான அடி இல்லை.

அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் அவர் பேச்சு வந்தது. என்ன சொன்னோம் தெரியுமா? "மனுஷன் நம்ம எல்லாருடைய விலையையும் கெடுத்துட்டுப் போறார்." ஒருவர் சொன்னார், பலர் தலையாட்டினார்கள். 44 என்கிற எண்ணை வெளியே யாரும் சொல்லக்கூடாது, தரகர் கேட்டால் 58 என்று சொல்ல வேண்டும் என்று தீர்மானமாயிற்று. சாமான் லாரி வந்த அன்று கீழே இறங்கிப் போய் அவரிடம் இரண்டு வார்த்தை பேச எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய பெண் ஒரு துளசித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். எங்களிடையே உண்மையான விலையில் விற்ற ஒரே மனிதர் அவர். அவரைத்தான் கெடுத்தவர் என்றோம்.

வீடு குடியிருப்பதற்குத்தானே, விலையைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான வார்த்தை. நானும் அப்படித்தான் இருக்கிறேன். என் புத்தகங்களும் நாற்காலியும் அங்கேதான். ஆனால் குடியிருக்க வாங்கினோம் என்பது, உடம்பும் உத்தியோகமும் சரியாக இருக்கிறவரை சொல்லக்கூடிய சமாதானம். அடுத்த வீட்டுக்காரரும் குடியிருக்கத்தான் வாங்கினார்.

இன்னும் சிலர், அதெல்லாம் பழைய கதை, இப்போது சட்டம் வந்துவிட்டது என்பார்கள். வந்திருக்கிறது, நல்ல சட்டம். 2016இல் இயற்றி 2017 மே முதல் முழுதாக அமலுக்கு வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, சுவருக்குள்ளே நமக்குக் கிடைக்கிற தரை எவ்வளவோ அதைத்தான் பில்டர் கணக்குச் சொல்லி விற்க வேண்டும். வாங்குகிறவர்களிடம் வசூலிக்கிற பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவிட வேண்டும். என் மைத்துனனைப் பில்டரிடமிருந்து அது ஓரளவு காப்பாற்றும். என்னிடமிருந்து எப்படிக் காப்பாற்றும்?

2021க்குப் பிறகு விலை மறுபடி ஏறத் தொடங்கியது உண்மைதான். என் வீடும் வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. இரண்டு மடங்கு ஆகவில்லை, ஒன்றரைகூட ஆகவில்லை. சங்கத்தில் இப்போது முகங்களெல்லாம் மலர்ந்திருக்கின்றன. 'பார்த்தீர்களா, மண்ணில் போட்ட பணம் வீண்போகாது' என்கிறார்கள். போன பணத்தைப் பற்றிப் பேசாதவர்களுக்கு வந்த பணத்தைப் பற்றிப் பேச எங்கிருந்துதான் குரல் வருகிறதோ!

நேற்று மைத்துனனுக்குப் போன் செய்தேன். 55 லட்சம், 38,600, 14,000, இடுப்பளவு தண்ணீர், 44 லட்சம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "அப்போ அன்னைக்கு ஏன் அத்தான் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டான். அவமானமாக இருந்தது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, அவன் வாங்க இருக்கிற கட்டடத்துக்குப் பக்கத்தில் அதே அளவு வீட்டுக்கு வாடகை என்ன என்று விசாரித்துவிட்டுப் பேசுவதாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய நாள்.

இந்தக் கட்டுரை வெளிவந்தால் எங்கள் சங்கச் செயலாளர் என்னோடு பேச மாட்டார். போகட்டும். கீழ்த் தளத்துத் தூண்களில் இருந்த தண்ணீர்க் கறையை இரண்டு முறை வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். எங்கள் குடியிருப்பில் வீடு பார்க்க வருகிறவர்கள் என் வீட்டு மணியை அடிக்கலாம். எந்த உயரம் என்று கூட வந்து காட்டுகிறேன்.