கட்டிலடியிற் பெறும் கையொப்பம்

வளைந்த தகரத்துக்கு வீதியோரத்திலேயே பணம். முறிந்த எலும்புக்கோ ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பு! இதுதான் இந்நாட்டிலே நடைபெறும் காப்புறுதி நீதி. இரு மோட்டார் வண்டிகள் மோதிக்கொண்டால், தொலைபேசியிற் சொன்ன சிறிது நேரத்துள் கம்பனியின் மதிப்பீட்டாளர் வந்து இறங்குகிறார், படம் பிடிக்கிறார், கணக்குப் போடுகிறார். அந்த இடத்திலேயே தொகையைத் தீர்த்துவிடுவதாகக் கம்பனிகள் விளம்பரம் செய்து பெருமையும் கொள்கின்றன. அதே வண்டியின் சில்லின்கீழ் அகப்பட்ட மனிதனைத் தேடி இத்துணை வேகத்தில் எவர் வருகிறார்?

வருவதும் உண்டு. எதற்காக வருகிறார்கள் என்பதே கேள்வி.

கூலிவேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். பின்னால் வந்த லொறி அவனை இடித்துத் தள்ளுகிறது, தொடையெலும்பு முறிகிறது. மூன்றாம் நாள் ஒருவர் பழப்பையும் பரிவுமாகக் கட்டிலடியில் வந்து நிற்கிறார். “வழக்கென்று போனால் வருடங்கள் போகும். இப்போதைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள், இதிலே ஓர் ஒப்பம் மட்டும்” என்கிறார். வீட்டிலே அடுப்பு எரியவில்லை, மனைவி அழுகிறாள், அவன் ஒப்பம் வைக்கிறான். அத்தாளில் இருப்பது என்ன? சகல உரிமைகளுக்கும் பதிலாக, முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன் என்பது! எலும்பு பொருந்துமா என்பது வைத்தியருக்கே இன்னும் தெரியாது. ஆனால் ‘இறுதி’ எது என்பது வந்தவருக்குத் தெரிந்துவிட்டது! புரியாத மொழியில் எழுதப்பட்ட தாளாயின் கொடுமைக்குக் கேட்கவா வேண்டும்?

இதை இணக்கம் என்கிறார்கள். பசித்தவனுக்கும் பணப்பெட்டிக்கும் இடையே இணக்கம் ஏது? இது பேரமுமன்று, வேட்டை.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், மூன்றாந் தரப்பினருக்கான காப்புறுதியின்றி எந்த வாகனமும் வீதியில் ஓடலாகாது என விதித்தது. அந்த மூன்றாந் தரப்பினன் யார்? வீதியில் நடப்பவன், சைக்கிளில் செல்பவன், நீங்களும் நாமும். ஆகவே கம்பனி கொடுப்பது தருமமன்று. அவனுக்காகவே சட்டம் கட்டாயப்படுத்தி அறவிட்ட பணம். உரியவனே பிச்சைக்காரனைப்போற் கைநீட்டி நிற்கும் நிலையை யார் உண்டாக்கினார்கள்?

அறியாமையே இவ்வியாபாரத்தின் முதல். மூன்று பொய்களை நாம் இங்கு உடைக்க விரும்புகிறோம்.

முதலாவது: “நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது, அது முடியட்டும்” என்பது. அங்கே சாரதிமீது விதிக்கப்படும் அபராதம் காயம்பட்டவன் கைக்கு வருவதன்று. நட்டஈடு கோருவது மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கவேண்டிய தனி வழக்கு. அதற்குக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் வகுத்த எல்லை இரண்டு ஆண்டுகள். அச்சட்டம் 1871இல் பிறந்தது! “பார்ப்போம்”, “மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்”, “அடுத்த மாதம் வாருங்கள்” என்று இருபத்துநான்கு மாதங்களைக் கடத்திவிட்டால், இருபத்தைந்தாம் மாதத்திலே கம்பனிக்குக் கவலையில்லை. தாமதமே அவர்களுடைய சட்டத்தரணி!

இரண்டாவது: “நீயும் விளக்கில்லாமற் சென்றாய், ஆகவே ஒன்றுங் கிடையாது” என்பது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காயம்பட்டவனிடத்தும் தவறு இருந்தால் அத்தவறின் அளவுக்குத் தொகை குறையலாமேயன்றி உரிமை முற்றாக அழிந்துபோகாது.

மூன்றாவது: “அரசாங்க ஆசுபத்திரியில் இலவச வைத்தியந்தானே, உனக்கென்ன நட்டம்?” என்பது. மருந்துச் செலவு மட்டுமா நட்டம்? இழந்த கூலி, இனி இழக்கப்போகும் கூலி, பட்ட வேதனை, வாழ்நாள் முழுவதும் சுமக்கும் ஊனம் யாவும் இந்நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி கணக்கிற் சேர்பவை. குடும்பத் தலைவன் இறந்தால், அவனை நம்பியிருந்த மனைவி மக்கள் இழந்த ஆதரவுக்கும் ஈடு கேட்கலாம்.

உரிமைகள் ஏட்டிலே உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் பெறுவதற்குச் சாரதியின் கவனயீனத்தை நிரூபிக்கவேண்டிய பாரம் யார் தலையில்? கால் முறிந்து கிடப்பவன் தலையில்! இதே கால் தொழிற்சாலையில் வேலை செய்கையில் முறிந்திருந்தால், 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி முதலாளியின் தவறை அவன் நிரூபிக்க வேண்டியதில்லை. தொழிலாளி இறந்தாலோ, நட்டஈட்டை ஆணையாளரிடமே கட்டவேண்டும். விதவையின் கையிற் சிறுதொகையைத் திணித்துவிட்டு முதலாளி தப்ப முடியாது. வேலைத்தலத்தில் இருக்கும் காவல் வீதியில் ஏன் இல்லை? எலும்புக்கு இடபேதம் தெரியுமா?

காப்புறுதி வியாபாரத்தின் கைகள் மாறியதை நாடு கண்டது. 1962இல் அரச காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தொழிலைத் தொடங்கியது. 1964இல் பொதுக் காப்புறுதி முழுவதும் அதன் கைக்கு வந்தது. எண்பதுகளில் தனியார் மீண்டும் நுழைந்தனர். 2003இல் கூட்டுத்தாபனமே விற்கப்பட்டது. 2009இல் உயர்நீதிமன்றம் அவ்விற்பனையைச் செல்லாதென்றது. கைகள் மாறின, கட்டிலில் கிடந்தவனின் கதி மாறவில்லை. கட்டணம் வாங்கும் கை நீளமானது. கொடுக்கும் கை குட்டையானது.

“பொய்க் கோரிக்கைகள் பெருகிவிடும்” என்று கம்பனியார் ஓலமிடுவர். பொய்யனைப் பிடிக்கப் பொலிசும் சட்ட வைத்திய அதிகாரியும் இல்லையா? தகரத்தின் சொந்தக்காரனை நம்பி வீதியிலேயே பணம் கொடுப்பவர்கள், தசை கிழிந்தவனை மட்டும் கள்வனைப்போல் நோக்குவது என்ன நியாயம்? நியூசிலாந்து 1974ஆம் ஆண்டிலேயே, யார் தவறென்று ஆராயாது காயம்பட்ட யாவருக்கும் ஈடளிக்கும் பொதுத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்நாடு அழிந்தா போயிற்று?

நாம் கேட்பது பெரிதன்று. காயம் ஆறி, ஊனத்தின் அளவை வைத்தியர் நிர்ணயிக்கும் முன் பெறப்படும் ‘இறுதி’க் கையொப்பம் சட்டத்தாற் செல்லாததாக்கப்படல் வேண்டும். இணக்கப் பத்திரம் காயம்பட்டவனின் தாய்மொழியிலே, கம்பனியைச் சாராத ஓர் அதிகாரியின் முன்னிலையில் வாசித்து விளக்கப்படல் வேண்டும். வழக்கு முடியும்வரை குடும்பம் உண்ண இடைக்காலத் தொகை வழங்கப்படல் வேண்டும். காயத்துக்கான பேச்சு நடக்கும் காலம் இரண்டாண்டு எல்லையிற் சேரலாகாது. பாராளுமன்றத்தில் நம் பெயரால் அமர்ந்திருப்போர் இதற்கு வாய்திறப்பார்களா?

அவர்கள் திறக்கும்வரை மக்களாகிய நாம் விழித்திருப்போம். பொலிசில் முறைப்பாட்டைப் பதிந்து அதன் பிரதியைப் பெறுங்கள். வாகன இலக்கத்தையும் காப்புறுதிச் சான்றிதழின் விபரத்தையும் எழுதிவையுங்கள். நோய் நிர்ணய அட்டையையும் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையாயின், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் கதவைத் தட்டுங்கள். வழக்குப் போடுவதை இரண்டாம் ஆண்டின் கடைசிக் கிழமைக்கு ஒத்திவைக்காதீர்கள்.

கட்டிலடியில் வந்து நிற்பவர் பழப்பையை நீட்டினால் நன்றி கூறி வாங்குங்கள். தாளை நீட்டினால், அதை வாசித்துச் சொல்ல உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள். முறிந்த கால் ஒருநாள் ஊன்றக்கூடும். விற்றுவிட்ட உரிமை மீண்டும் எழுந்து நடப்பதில்லை.