ஊமைப் படமும் நாலு மதிப்பெண்ணும்

போன மாதம் என் மகள் வயிற்றுப் பேரனுக்குச் சமூக அறிவியல் தேர்வில் நாலு மதிப்பெண் போயிற்று. நாலு மதிப்பெண்ணுக்கா ஒரு கட்டுரை என்று நண்பர்கள் கேட்பார்கள். பென்ஷன்காரனுக்கு வேறு வேலை என்ன, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பையன் ஏழாம் வகுப்பு. கேள்வித்தாளில் இந்திய வரைபடம் ஒன்று அச்சடித்திருந்தார்கள். மண் வகைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு, எந்த நிறம் எந்த மண் என்று எழுதியிருந்தது. எந்த மண் எங்கே இருக்கிறது என்று படத்தைப் பார்த்து எழுத வேண்டும். நம் ஆள் செம்மண்ணைக் கொண்டுபோய் இமயமலையில் கொட்டிவிட்டான். மலை மண்ணைத் தமிழ்நாட்டில் இறக்கியிருந்தான்.

"கவனமே இல்லப்பா இவனுக்கு. முந்தின நாள் ராத்திரி கடகடன்னு ஒப்பிச்சான். படத்தப் பாத்து எழுதத் தெரியல" என்றாள் மகள். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் சமையலறைக்குப் போனதும் மெதுவாகச் சொன்னான்: "தாத்தா, அந்த ரெண்டு கட்டமும் ஒரே கலரு. ப்ரின்டிங் மிஸ்டேக்னு நெனச்சேன்."

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். எனக்கும் ஒரே நிறம்தான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது பச்சை, இது செங்கல் கலரு. கண்ணாடியப் போட்டுப் பாருங்க" என்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தேன்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களில் சிலருக்குத் தெரியும். கேரம் ஆடும்போது சிவப்புக் காயைக் கறுப்பென்று நினைத்து அடித்து எத்தனை முறை ஏமாந்திருக்கிறேன் என்பதற்கு என் பழைய ஆபீஸ் நண்பர்களே சாட்சி. நம் ஊர்ப் போலீசாரின் தொப்பி சிவப்பு என்பதை ஊரார் சொல்லித்தான் நம்புகிறேன். எனக்கு அது மங்கலான காப்பிப்பொடி நிறம்.

இது எனக்குத் தெரியவந்ததே 22 வயதில்தான். அதற்கு முன்னால் நான் மக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் வகுப்புச் சுவரில் விதால் லாப்லாஷ் வரைபடங்கள் தொங்கும். கெட்டி அட்டையில் ஒட்டிய பெரிய படங்கள். அவற்றில் ஒரு விசேஷம் உண்டு. முன்பக்கம் ஊர், ஆறு, மலை எல்லாவற்றுக்கும் பெயர் போட்டிருக்கும். பின்பக்கம் அதே படம், பெயர்கள் இருக்காது. அதற்கு 'கார்த் முயேத்' என்று பெயர், அதாவது ஊமைப் படம். பாடம் நடத்தும்போது முன்பக்கம், ஒப்பிக்கச் சொல்லும்போது பின்பக்கம். பெயர் இருக்கும் பக்கத்தில் நான்தான் வகுப்பில் முதல். படத்தைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. சமவெளி பச்சை, மலை பழுப்பு. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

ஒருநாள் மிசியே என்னை எழுப்பி, குச்சியைக் கையில் கொடுத்து, பிரான்சின் நடுவில் இருக்கும் மலைப்பகுதியைக் காட்டு என்றார். நான் பாரிஸைச் சுற்றியிருக்கும் சமவெளியைக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. மரஸ்கேலால் விரல் முட்டியில் இரண்டு அடி. அடி வலித்தது மறந்துவிட்டது. நேற்றுப் பெயர்களோடு கடகடவென்று சொன்னவன் இன்று ஏன் விழிக்கிறான் என்று அவருக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லையே, அது மறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே தெரியாதது அவருக்கு எப்படித் தெரியும்?

பிறகு ரயில்வே வேலைக்கு மனுப் போட்டு, எழுத்துத் தேர்வில் தேறி, மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். "என்ன நம்பர் தெரியுது?" என்றார். "நம்பர் ஒண்ணும் இல்லீங்களே சார்" என்றேன். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். பத்து நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புத்தகம் அது. எனக்கு வேலை கொடுக்காதது நியாயம்தான். சிக்னல் விளக்கைத் தப்பாகப் பார்ப்பவனை நம்பி ரயிலில் யார் ஏறுவார்கள்? ஆனால் பள்ளிக்கூடத்து மண் வரைபடம் சிக்னல் விளக்கு அல்ல. இந்த வித்தியாசம்தான் நான் சொல்ல வருவது.

பிரெஞ்சில் இதற்கு 'தால்தோனிஸ்ம்' என்று பெயர். அணுக்கொள்கை என்று பள்ளியில் படித்தோமே, அந்த ஜான் டால்டன் பெயரால் வந்தது. அவருக்கும் இதே பார்வைதான். 1794இல் தன் கண்ணைப் பற்றித் தானே ஒரு கட்டுரை வாசித்தார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால்தான் தனக்கு நிறம் மாறுகிறது என்று நினைத்து, இறந்தபின் கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். 1844இல் திறந்து பார்த்தார்கள். திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணிலிருந்து மரபணுவை எடுத்து, உண்மைக் காரணத்தை 1995இல்தான் கண்டுபிடித்தார்கள்.

இது வரும் வழியும் வேடிக்கையானது. அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது. மகளுக்குப் போகும், ஆனால் அவள் பார்வை நன்றாகவே இருக்கும். அவளுக்குப் பிறக்கும் பையன்களில் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே என் மகனுக்கு என்னிடமிருந்து எதுவும் வரவில்லை. என் மகள், தனக்கே தெரியாமல், என் கண்ணைத் தன் பிள்ளையிடம் சேர்த்திருக்கிறாள். அன்று ராத்திரி அவளிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு பையனைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினாள்.

ஐரோப்பியர்களில் ஆண்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இந்தக் குறை உண்டு. நம் நாட்டில் அதைவிடக் குறைவு. ஆனாலும் 40 பையன்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒருவன் இருக்கக்கூடும். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. இது அதில் இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. எங்களுக்குச் சலுகை வேண்டாம், கூடுதல் நேரம் வேண்டாம். படத்தை ஒழுங்காகப் போட்டால் போதும்.

எப்படிப் போடுவது? இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். கோப்பில் மேற்கோள் பக்கங்களுக்குக் கொடி வைப்போமே, நிறத்தை நம்பியா வைத்தோம்? 'ஏ', 'பி', 'சி' என்று எழுத்துப் போட்டுத்தானே வைத்தோம். அவசரக் கோப்புக்கு வண்ணச் சீட்டு உண்டு, அதன்மேல் 'அவசரம்' என்றும் அச்சடித்திருக்கும். 38 வருஷம் கிளார்க்காக இருந்தேன், நிறம் தெரியாததால் ஒரு கோப்புக்கூடத் தவறியதில்லை. சாலை சிக்னலும் அப்படித்தான். மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. இடத்தைப் பார்த்தே இத்தனை வருஷம் சைக்கிளும் ஸ்கூட்டரும் ஓட்டியாயிற்று.

வரைபடத்திலும் நிறம் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு நிறம் பிடிக்கும். அதோடு ஒரு பகுதிக்குச் சாய்கோடு, ஒரு பகுதிக்குப் புள்ளி, ஒரு பகுதிக்குக் கட்டம். அல்லது அந்தப் பகுதியின் மேலேயே 'செம்மண்' என்று பெயரை எழுதிவிடுங்கள், ஓரத்துக் கட்டத்துக்கும் படத்துக்கும் கண்ணை அலையவிடாமல். நீலமும் ஆரஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எங்களுக்குப் பிரிந்து தெரியும். இதயத்தின் படத்தில் சிவப்பும் நீலமும் போடுகிறார்கள், அதில் தொந்தரவே இல்லை. சிவப்பும் பச்சையும், பச்சையும் பழுப்பும் ஒரே அடர்த்தியில் வரும்போதுதான் வம்பு. கரும்பலகையில் சிவப்புச் சாக்பீஸ் என் போன்றவனுக்கு எழுதாததற்குச் சமம்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கம்ப்யூட்டர் நிபுணர் தேவையில்லை. படத்தை ஒரு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுங்கள். அதில் புரிந்தால் எங்களுக்கும் புரியும். எங்களுக்கு மட்டுமல்ல. முக்கால்வாசிப் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் கொடுப்பது ஜெராக்ஸின் ஜெராக்ஸ்தானே? அதில் வண்ணப் படம் சாம்பல் பூசணிக்காய் மாதிரி வந்து நிற்கிறது. கீழே கேள்வி மட்டும் "மஞ்சள் நிறப் பகுதியைக் குறிப்பிடுக" என்று கேட்கிறது! எழுத்தும் அதே கதி. ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று தெரியாது, மெய்யெழுத்தின் புள்ளி பாதி மறைந்துவிடும். நல்ல கண் உள்ள பிள்ளையே தடுமாறும்.

எல்லாவற்றிலும் அந்தக் காலத்தை உயர்த்திப் பேசுபவன் என்று என்னைச் சொல்வார்கள். இதில் சொல்ல மாட்டேன். ஊமைப் படத்தில் விரல் முட்டி வீங்கியவன் நான். ஆனால் பிரெஞ்சு நோட்டின் கோடுகளை மட்டும் பாராட்டியே தீர வேண்டும். எட்டு மில்லிமீட்டர் கட்டம், அதற்குள் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடு. சின்ன எழுத்து எதுவரை, உயர எழுத்து எதுவரை என்று டீச்சர் வாய் திறக்காமலே நோட்டு சொல்லிக்கொடுக்கும். 1892இல் கொண்டுவந்தது, இன்னும் அங்கே அதே கோடுதான். பாடப் பொருளை வடிவமைப்பது என்றால் எனக்கு அந்த நோட்டுத்தான் ஞாபகம் வரும்.

பள்ளிக்குப் போனேன். சமூக அறிவியல் டீச்சர் சின்னப் பெண், என் மகளைவிட இளையவர். ஏதோ மதிப்பெண்ணுக்குச் சண்டை போட வந்த தாத்தா என்று முதலில் நினைத்துவிட்டார் போலும். "எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே படம்தானே சார் குடுத்தோம்" என்றார். "அதுதாம்மா பிரச்சினை" என்று, வீட்டில் பேனாவால் கோடும் புள்ளியும் போட்டு வரைந்து எடுத்துப்போன படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். செல்போனை எடுத்து என் படத்தை ஒரு போட்டோ பிடித்துக்கொண்டார். "என் தம்பிகூட சின்ன வயசுல மரத்துக்குப் பழுப்பு இலை வரைவான் சார், நாங்க கேலி பண்ணுவோம்" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பாடப்புத்தகத்தில் இருக்கும் படங்கள் எங்கள் கையில் இல்லை என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். உண்மைதான். அதை அச்சடிக்கிறவர்களுக்குத் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன், நகல் என்னிடம் இருக்கும். கேள்வித்தாள் பள்ளியிலேயே தயாராவது.

அடுத்த தேர்வில் பயிர்கள் வரைபடம் வந்திருக்கிறது. நெல்லுக்கு 'நெ', கோதுமைக்கு 'கோ' என்று படத்தின்மேலேயே எழுத்துப் போட்டிருந்தார்கள். பையனுக்கு அதில் ஒரு மதிப்பெண் போயிற்று, சணலை மறந்துவிட்டானாம். அதற்கு மகள் நன்றாகத் திட்டினாள். நான் குறுக்கே போகவில்லை.

அறிவியல் சார் இன்னும் சிவப்புச் சாக்பீஸில்தான் எழுதுகிறாராம். திங்கட்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.