ஐஸுக்கு இடம் கொடுங்கள்!

தண்ணீர் சீக்கிரம் ஜில்லென்று ஆகட்டும் என்று, கண்ணாடி பாட்டிலை மூடியோடு ஃப்ரீஸரில் வைத்துவிட்டுத் தொடர்கதையில் மூழ்கிவிடும் சகோதரிகளுக்கு இந்த வாரம் ஒரு சங்கதி.

பாட்டில் விரிந்துவிட்டால் கண்ணாடியைத்தான் திட்டுகிறோம். பாவம், அது என்ன செய்யும்? 1784-85ல், கனடாவின் கியூபெக் நகரில், எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற ராணுவ மேஜர் கனத்த இரும்புக் குண்டுகளின் உட்கூட்டில் தண்ணீரை நிரப்பி, துவாரத்தை இரும்பு அடைப்பானால் இறுக்கி, கடுங்குளிரில் வெளியே வைத்துப் பார்த்தார். ஒரு குண்டின் அடைப்பான் பிய்த்துக்கொண்டு 400 அடிக்கும் அப்பால் போய் விழுந்தது! அடைப்பான் அசையாமல் நின்ற இன்னொன்றிலோ, குண்டே பிளந்து ஐஸ் வெளியே பிதுங்கியிருந்தது. வெடிமருந்து ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. எல்லாம் தண்ணீரின் கைவரிசை.

நெய் உறைந்தால் நடுவில் குழி விழுகிறதல்லவா? பெரும்பாலான பொருள்கள் உறையும்போது அப்படித்தான் சுருங்கும். தண்ணீர் நேர் விரோதம். பதினொரு டம்ளர் தண்ணீர் ஐஸானால் பன்னிரண்டு டம்ளர் இடம் கேட்கும். கொடுக்காவிட்டால் சுவரைத் தள்ளும்.

எவ்வளவு பலமாகத் தள்ளும்? அது குளிரைப் பொறுத்தது. அழுத்தம் ஏற ஏற, தண்ணீர் பூஜ்ய டிகிரியில் உறைய மறுத்து, இன்னும் குளிர் வேண்டுமென்கிறது. இதை 1849ல் ஜேம்ஸ் தாம்ஸன் கணக்குப் போட்டே சொல்லிவிட்டார். மறு வருஷம் அவர் தம்பி வில்லியம், பிற்பாடு கெல்வின் பிரபு ஆனவர், சோதனை செய்து ஊர்ஜிதப்படுத்தினார். ஆகவே ஐஸின் முரட்டுத்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மைனஸ் 22 டிகிரியில் அது சுமார் 2,000 வாயு மண்டல அழுத்தம். அதாவது சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில் இரண்டு டன் பாரம்! அதற்கு மேலும் நெருக்கினால், ஐஸ் வேறு ரூபம் எடுத்து, தண்ணீரை விடக் குறைந்த இடத்தில் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த எல்லை வரை தாங்க, நம் பாட்டில் எம்மாத்திரம்?

மூடியைத் திறந்து வைத்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம். குறுகிய கழுத்தில் முதலில் உறைந்தால், அந்த ஐஸே கார்க்காகிவிடும். தேங்காய்ப் பாலோ ரசமோ, வாயகன்ற பாத்திரத்தில் முக்கால் பாகம் வைத்தால் சரி. சோடா வேண்டவே வேண்டாம்.

குளிர் தேசத்தில் பெண்ணைக் கொடுத்திருப்பவர்கள் இன்னொன்றையும் எழுதிப் போடலாம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் ஏராளமான வீடுகளில் குழாய்கள் வெடித்தன. குழாயினுள் ஐஸ் அடைத்துக்கொண்டு வளர, அதற்கும் மூடிய திருகுக்கும் நடுவே சிக்கிய தண்ணீர்தான் பெரும்பாலும் குழாயைப் பிளக்கிறது. கடுங்குளிர் இரவில் அங்கே குழாயை லேசாகத் திறந்து, தண்ணீரை நூல் போல ஒழுக விடுவது இதற்காகத்தான்.