பிறர் பாட்டைத் தன் பாணியில் பாட வழிவிடுங்கள்

மெல்லிசைக் குழுக்களில் வெகுகாலம் பாடியவன் நான். மேடையை விட்டு இறங்கும்போது எங்களுக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு, "அப்படியே ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சு" என்பதுதான். அதில் எனக்கு ஒருநாளும் நிறைவு வந்ததில்லை. பிறர் பாட்டை வேறெப்படிப் பாடலாம் என்று எனக்குக் காட்டியவர் அமெரிக்காவின் வில் ஓல்டம்.

கென்டக்கி மாநிலம் லூயிவில்காரர். பதின்வயதில் 'மேட்வான்' (1987) படத்தில் நடித்துவிட்டு இசைக்கு வந்தார். 'பேலஸ்' என்று தொடங்கும் பல பெயர்களில் பாடி, பிறகு 'போனி பிரின்ஸ் பில்லி' ஆனார். சிகாகோவில் உள்ள டிராக் சிட்டி என்ற சிறு நிறுவனம்தான் அவருடைய பெரும்பாலான இசைத்தட்டுகளை வெளியிட்டது. அவர் எழுதிய 'ஐ சீ எ டார்க்னஸ்' பாட்டை 2000இல் புகழ்பெற்ற பாடகர் ஜானி கேஷ் பாடினார். தன் பாட்டுக்கே அங்கே பின்குரல் கொடுத்தார் ஓல்டம்!

பெருந்தொற்றில் கச்சேரிகள் நின்றுபோன 2020இல், அவரும் டெக்சாஸில் வசிக்கும் பாடகர் பில் கேலஹனும் ஒரு காரியம் செய்தார்கள். பிறர் பாட்டு ஒன்றை இருவரும் தேர்ந்தெடுப்பார்கள். அதே நிறுவனத்தின் வேறொரு கலைஞருக்கு அனுப்புவார்கள். அவர் தன் இருப்பிடத்திலேயே, தன் ரசனைப்படி வாத்திய இசை முழுவதையும் அமைத்து அனுப்புவார். அதன்மேல்தான் இவர்கள் பாடினார்கள். பாடகரின் சுருதியைக் கேட்டுக்கொண்டு வாத்தியத்தில் கைவைக்கிற எங்கள் வழக்கத்துக்கு நேர் எதிர். சகக் கலைஞர்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தால் இது நடக்கும்!

'பிளைண்ட் டேட் பார்ட்டி' என்ற பெயரில் 19 பாட்டுகளும் 2021 டிசம்பரில் தொகுப்பாக வந்தன. ஸ்டீலி டான் குழுவின் பாட்டும் இளம்பாடகி பில்லி ஐலிஷின் பாட்டும் அதில் உண்டு. நான் திரும்பத் திரும்பக் கேட்பது 2019இல் மறைந்த பாடகர் டேவிட் பெர்மனின் 'தி வைல்டு கைண்ட்னஸ்'. அவருடைய மனைவியாக இருந்தவரும் அவர் குழுவில் பேஸ் வாசித்தவருமான கேசி பெர்மன் அதில் சேர்ந்திருக்கிறார். பழைய பதிவைப் பிரதியெடுக்கும் எண்ணமே அதில் இல்லை.

இப்படிப் பாட அமெரிக்காவில் சட்டம் துணை நிற்கிறது. ஒருமுறை வெளியான பாட்டை, நிர்ணயித்த கட்டணம் செலுத்தி யாரும் புதிதாகப் பதிவு செய்யலாம் என்ற ஏற்பாடு 1909 முதல் இருக்கிறது. ஆதார மெட்டைக் குலைக்காமல் தன் பாணிக்கு மாற்றிக்கொள்ளலாம். 2021இல் கட்டணம், ஐந்து நிமிடத்துக்குள் முடியும் பாட்டுக்குப் பிரதிக்கு 9.1 சென்ட்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 31சி பிரிவோ, மூலப்பதிவு வந்து ஐந்தாண்டு காத்திருக்கச் சொல்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமத்தொகையைக் கட்டச் சொல்கிறது. தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டில் மாற்றம் செய்யவும் தடை. உரிமையாளர் இசைந்தால்தான் உண்டு. சொந்தக் காசில் பதிவு செய்யும் பாடகனுக்கு இது கட்டுப்படியாகாது.

எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் போகவேண்டிய பணம் கட்டாயம் போகட்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் 50,000 என்ற வரம்பை நீக்கி, விற்கிற பிரதிக்கு மட்டும் தொகை வாங்குங்கள். பாணியை மாற்றிப் பாடும் உரிமையையும் தாருங்கள். ஒன்றிய அரசு இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும்.